ஆர்.வி. எடுக்கும் முன், அது ராத்திரி எங்கே நிற்கும் என்று பாருங்கள்

கலிஃபோர்னியா வந்து ஒன்றிரண்டு கோடை கழிந்ததும் நம் குடும்பங்களில் பலருக்கு ஆர்.வி. (ரெக்ரியேஷனல் வெஹிக்கிள்) ஆசை வந்துவிடும். யோசெமிட்டி, லேக் டாஹோ, தைரியம் இருந்தால் யெல்லோஸ்டோன் வரை. வண்டிக்குள்ளேயே அடுப்பு, படுக்கை, கழிவறை. குக்கரை எடுத்துப் போகலாம், ஒவ்வொரு கேஸ் ஸ்டேஷனிலும் பிள்ளைகளை பாத்ரூமுக்கு இறக்க வேண்டாம். வாடகைத் தளத்தைத் திறந்தால் எத்தனை பேர் தூங்கலாம், மைலுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் உண்டா என்று எல்லாம் விசாரிக்கிறோம். பயணத்துக்கு முந்தின ராத்திரி இது எந்தத் தெருவில் நிற்கும் என்ற கேள்வி மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. வியாழன் மாலை வண்டியை எடுத்து, வீட்டு வாசலில் நிறுத்தி, நிதானமாகச் சாமான் ஏற்றி, வெள்ளி காலை கிளம்பலாம் என்பதுதான் எல்லோருடைய திட்டமும். டிக்கெட், அதாவது பார்க்கிங் அபராதச் சீட்டு, விழுவதும் அந்த ராத்திரியில்தான்.

ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கம் புதிதாகக் குடியேறி, முதல் முறை ஆர்.வி.யோ, காரின் பின்னால் மாட்டி இழுக்கும் ட்ரெய்லரோ எடுக்கப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டெக்சஸ், நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் இதிலுள்ள கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம், எண்களை எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே சட்டமே வேறு.

முதலில் டேப்பை எடுங்கள்

ஊர்ச் சட்டங்கள் வண்டியை "ஆர்.வி." என்று பெயர் சொல்லித் தடுப்பதைவிட, அளவு சொல்லித் தடுப்பதுதான் அதிகம். கலிஃபோர்னியாவில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் இரண்டு எண்கள்: 22 அடி நீளம், 7 அடி உயரம். இதில் ஒன்றைத் தாண்டினாலே பல ஊர்களில் உங்கள் வண்டி "ஓவர்சைஸ்ட்", அதாவது அளவு மீறிய வண்டி.

நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். "சின்ன கேம்பர் வேன்தானே, 19 அடிதானே" என்று எடுப்பவர்கள் மாட்டுவது உயரத்தில். ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய எந்த வேனும் 7 அடியைத் தாண்டிவிடும். ஹை ரூஃப் ஸ்ப்ரின்டர், டிரான்சிட் வேன்கள் 9 அடி பக்கம் வரும். டிரக் மேல் வீடு வைத்த மாதிரி இருக்கும் கிளாஸ் சி வண்டிகள் 10 அடிக்கும் மேல். உங்கள் ஹோண்டா ஒடிசி 17 அடி நீளம், 6 அடிக்கும் குறைந்த உயரம். அதை நிறுத்திப் பழகிய கண்ணோடு இதைப் பார்க்கக் கூடாது.

அளக்கும்போது கூரை ஏசி, பின் ஏணி, சைக்கிள் ஸ்டாண்ட், ட்ரெய்லரின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பி எல்லாவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். விளம்பரத்தில் "20 அடி ட்ரெய்லர்" என்று போட்டிருப்பார்கள். சில சமயம் அது உள்ளே இருக்கும் பெட்டியின் நீளம் மட்டும். கம்பியைச் சேர்த்தால் 23, 24 என்று போய்விடும். வாடகை வண்டி என்றால் முன்பதிவுக்கு முன்பே மொத்த நீளத்தையும் உயரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிரைவர் சீட்டுக்கு மேல் உயரத்தை ஒட்டி வைத்திருப்பார்கள், அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்ட் கார்போர்ட்டில் இடிக்காமல் இருக்கவும் உதவும்.

யார் சட்டம்?

மாநிலச் சட்டத்தில் மட்டும் தேடினால் பாதி பதில்தான் கிடைக்கும். கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 22507ஆம் பிரிவு, தெருவில் எந்த வண்டி எப்போது நிற்கலாம் என்று கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஊர்களிடமே கொடுத்துவிட்டது. 22507.5 ராத்திரி 2 மணி முதல் காலை 6 மணி வரை நிறுத்தத் தடை போடவும் இடம் தருகிறது. அந்த 2 முதல் 6 என்ற நேரத்தை ஊர் ஊராகப் பலகைகளில் பார்ப்பீர்கள்.

ஆகவே உங்கள் முகவரி எந்த ஊர் எல்லைக்குள் வருகிறது என்பது முக்கியம். பே ஏரியாவில் ஒரு தெருவின் இந்தப் பக்கம் ஒரு சிட்டி, அந்தப் பக்கம் இன்னொரு சிட்டி என்பது சர்வ சாதாரணம். தபால் முகவரியில் "சான் ஹோசே" என்று இருந்தாலும் நிலம் கவுன்ட்டியின் கையில் இருக்கலாம். அப்போது கவுன்ட்டி விதிதான் செல்லும். இதற்கு மேல் ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) அல்லது அபார்ட்மென்ட் லீஸ் என்று மூன்றாவது அடுக்கு ஒன்று உண்டு. சிட்டி சரி என்று சொன்னதை ஹெச்.ஓ.ஏ. கூடாது என்று சொல்லலாம். சிட்டி கூடாது என்றதை ஹெச்.ஓ.ஏ.வால் சரி என்று சொல்ல முடியாது.

நான்கு ஊர்களைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். மவுன்டன் வியூவில் 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய மெஷர் சி, 40 அடியோ அதற்குக் குறைவோ அகலமுள்ள தெருக்களில் அளவு மீறிய வண்டிகளை நிறுத்தத் தடை விதிக்கிறது. அங்கே நீளம் 22 அடி, உயரம் 7 அடி என்பதோடு அகலம் 7 அடி என்றும் ஒரு வரம்பு உண்டு. ஏறக்குறைய எந்த ஆர்.வி.யும் அதில் தேறாது. குடியிருப்புத் தெருக்களில் பெரும்பாலானவை 40 அடிக்குள்தான். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2025இல் பெரிய வண்டிகளுக்கு ஊர் முழுக்க இரண்டு மணி நேர வரம்பு கொண்டுவந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் பலகை வைத்த தெருக்களில் 22 அடிக்கு மேல் நீளமோ 7 அடிக்கு மேல் உயரமோ உள்ள வண்டி ராத்திரி 2 முதல் 6 வரை நிற்கக் கூடாது. பலகை இல்லாத தெருவில் அந்தத் தடை இல்லை. சான் டியேகோவில் அனுமதிச் சீட்டு இல்லாமல் அதே நேரத்தில் ஆர்.வி.யைத் தெருவில் விடக் கூடாது. உள்ளூர்வாசிகள் 24 மணி நேரச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று தோன்றும். வருஷத்துக்கு ஒரு முறை டாஹோ போகிற குடும்பத்தை யாரும் குறி வைக்கவில்லை. வீட்டு வாடகை கட்ட முடியாமல் பழைய ஆர்.வி.யிலேயே குடியிருப்பவர்கள் பே ஏரியா தெருக்களில் நிறையப் பேர். கூகுள் அலுவலகம் இருக்கும் மவுன்டன் வியூவிலேயே அது பெரிய வழக்காகப் போயிற்று. இந்தச் சட்டங்களில் பல அவர்களை நகர்த்தப் போட்டவை என்பது என் எண்ணம், அது நியாயமா என்பது தனி விவாதம். ஆனால் டிக்கெட் எழுதும் அதிகாரிக்கு வண்டியின் அளவுதான் தெரியும், உள்ளே இருப்பது ஒரு ராத்திரிக்கான இட்லி மாவா ஒருவரின் முழு வாழ்க்கையா என்று தெரியாது. ஒரே டிக்கெட்தான்.

உங்கள் ஊர் விதியைக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு சிட்டிக்கும் முனிசிபல் கோட் என்ற சட்டத் தொகுப்பு இணையத்தில் உண்டு. அதில் "ஓவர்சைஸ்ட் வெஹிக்கிள்", "ரெக்ரியேஷனல் வெஹிக்கிள்", "ட்ரெய்லர்", "72 அவர்ஸ்" என்ற நான்கையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒரே அத்தியாயத்தில் எல்லாம் கிடைக்காது என்பதுதான் சிக்கல். தெரு விதி போக்குவரத்துப் பகுதியில் இருக்கும். உங்கள் டிரைவ்வே (தெருவிலிருந்து கராஜுக்குப் போகும் இடம்) பற்றிய விதி சோனிங் (நிலப் பயன்பாடு) பகுதியில், சம்பந்தமே இல்லாத தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கும். முதல் பகுதியைப் படித்துவிட்டு "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று மூடிவிடுகிறவர்கள் அதிகம்.

படித்த பிறகும் ஒரு போன் போடுங்கள். காவல்துறையின் அவசரமில்லாத எண்ணிலோ, சிட்டியின் பார்க்கிங் பிரிவிலோ, 311 என்ற சிட்டி உதவி எண் உள்ள ஊரில் அதிலோ கேட்கலாம். "ஆர்.வி. நிறுத்தலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: இத்தனை அடி நீளம், இத்தனை அடி உயரம், என் வீட்டு முன் தெருவில், இந்தத் தேதி ராத்திரி, அனுமதிச் சீட்டு வேண்டுமா? ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றித் தெருவில் விடலாமா? டிரைவ்வேயில் எத்தனை நாள் நிற்கலாம்? பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

கழற்றிய ட்ரெய்லர் பற்றித் தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோட்டார் உள்ள ஆர்.வி.யை அனுமதிக்கும் பல ஊர்களும், இழுக்கும் வண்டி இல்லாமல் ட்ரெய்லர் மட்டும் தெருவில் நிற்பதைப் பகலிலும் அனுமதிப்பதில்லை. படகு ட்ரெய்லர், யு ஹால் ட்ரெய்லர் எல்லாம் இதில் சேர்த்தி. வீடு மாறும்போது யு ஹால் ட்ரெய்லரைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் கவனிக்க.

அப்புறம் பலகை. 22507ஆம் பிரிவின் கீழ் ஊர் போடும் தடை, போதுமான அறிவிப்பு தரும் பலகையோ குறியோ வைத்த பிறகுதான் செல்லும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. எனவே உங்கள் பிளாக்கின் இரண்டு முனைகளுக்கும் நடந்து போய்ப் பாருங்கள். ஒரே கம்பத்தில் மூன்று பலகை இருந்தால் மூன்றையும் படியுங்கள். மேலே தெரு கூட்டும் நாள், நடுவில் பர்மிட் பார்க்கிங், கீழே ஓவர்சைஸ்ட் தடை என்று இருக்கும். மரக்கிளை மறைத்த பலகையைப் போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் பேசும்.

எழுபத்திரண்டு மணி நேரம்

அளவுத் தடை இல்லாத ஊரிலும் இந்த விதி இருக்க வாய்ப்பு அதிகம். ஊர்ச் சட்டத்தில் இடம் இருந்தால், தெருவில் 72 மணி நேரம் அசையாமல் நிற்கும் எந்த வண்டியையும் டோ செய்யலாம், அதாவது இழுத்துப் போகலாம் என்கிறது வாகனச் சட்டப் பிரிவு 22651. இதற்குப் பெரும்பாலும் பலகையெல்லாம் இருக்காது. வீட்டு வாசல் என்பதால் சலுகை கிடையாது. வாசலில் உள்ள தெரு உங்களுடையது அல்ல.

இதைச் செயல்படுத்துவது அநேகமாகப் புகார் வந்த பிறகுதான். அக்கம்பக்கத்தில் யாரோ போன் செய்வார், அதிகாரி வந்து டயரில் சாக்பீஸ் கோடு போடுவார் அல்லது மைல் மீட்டரைக் குறித்துக்கொள்வார், மூன்று நாள் கழித்துத் திரும்ப வருவார். சாக்பீஸ் கோடு தனியுரிமை மீறல் என்று மிச்சிகனில் ஒரு வழக்கு 2019இல் ஜெயித்தது, அதை நம்பி இங்கே வாதாட வேண்டாம். சான் டியேகோ வழக்கில் 2022இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது, கலிஃபோர்னியா அந்த வட்டத்துக்குள் வருகிறது.

வண்டியை இரண்டடி முன்னால் தள்ளி நிறுத்தினால் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும் என்பதும் எல்லா ஊரிலும் எடுபடாது. குறிப்பிட்ட தூரம் ஓட்டியிருக்க வேண்டும் என்று சில ஊர்கள் கேட்கின்றன. எவ்வளவு தூரம் என்பதை அதே போன் அழைப்பில் கேட்டுவிடுங்கள். கார்தான் பிரச்சினை என்றால் சமாளிக்கலாம். 30 அடி வண்டியை டோ செய்ய கனரக டிரக் வரும், அதன் கட்டணமும் அதற்கேற்ற மாதிரி. யார்டில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கட்டணம்.

புகார்தான் ஆரம்பம் என்பதால், நான் பலமாகச் சிபாரிசு செய்வது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதை. "நாளைக்குக் காலை கிளம்பிவிடுவோம், ஒரு ராத்திரிதான்" என்று முன்கூட்டியே சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். எதிர் வீட்டு ஜன்னலை மறைக்காமல் நிறுத்துவது மீதிப் பாதி.

சொந்த டிரைவ்வேதானே?

டிரைவ்வே உங்களுடையது, விதி சிட்டியுடையது. முன்பக்கம் நிறுத்தக் கூடாது, பக்கவாட்டில் வேலிக்குப் பின்னால் நிறுத்து, சிமென்ட் அல்லது ஜல்லித் தரையில்தான் நிறுத்து, புல்வெளியில் கூடாது என்று பலவிதமாக ஊருக்கு ஊர் சொல்வார்கள். எல்லா ஊருக்கும் பொதுவான ஒன்று: வண்டியின் பின்பக்கம் நடைபாதை மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சக்கர நாற்காலியில் வருபவர் தெருவில் இறங்கிச் சுற்ற வேண்டிய நிலை வந்தால் டிக்கெட் நியாயம்தான். புதிய வீடுகளில் கராஜ் கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு காருக்கான இடம்தான் இருக்கும், அங்கே 25 அடி வண்டியை வைத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஹெச்.ஓ.ஏ. உள்ள வீடு என்றால் சி.சி. அண்ட் ஆர். என்ற சங்க விதிகள் ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். வீடு வாங்கும்போது நூறு பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்களே, அதில் இருக்கும். தெருவிலிருந்து பார்த்தால் கண்ணில் படும்படி ஆர்.வி. நிற்கக் கூடாது என்பது அவர்களுக்குப் பிடித்த வாக்கியம். ஏற்றி இறக்க 24 அல்லது 48 மணி நேரம் தருபவர்களும் உண்டு, அதற்கு முன்கூட்டியே மேனேஜருக்கு எழுத வேண்டும். அபராதம் போடுவதற்கு முன் உங்களுக்கு 10 நாள் அவகாசத்தில் நோட்டீஸ் தந்து, போர்டு முன் பேச வாய்ப்பு தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். 2025 ஜூலையிலிருந்து, உடல்நலம் பாதுகாப்பு சம்பந்தப்படாத மீறலுக்கு 100 டாலருக்கு மேல் அபராதம் போட முடியாது.

ஆனால் ஹெச்.ஓ.ஏ.வின் தனியார் தெருவிலிருந்து டோ செய்யும் அதிகாரம் வேறு. நுழைவாயிலில் 17க்கு 22 அங்குலப் பலகை வைத்திருந்தால் அதுவே எச்சரிக்கை. பலகை இல்லையென்றால் வண்டியில் நோட்டீஸ் ஒட்டி 96 மணி நேரம் கழிய வேண்டும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் தங்க வரும்போது "ட்ரெய்லரை டிரைவ்வேயில் போட்டு அதில் தங்க வைத்தால் என்ன?" என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேண்டாம். நிறுத்தி வைப்பது வேறு, குடியிருப்பது வேறு. பெரும்பாலான ஊர்களில் டிரைவ்வே ஆர்.வி.யில் வசிப்பதற்குத் தடை உண்டு. விருந்தினருக்குச் சில நாட்கள் விடும் ஊர்களும் ஆறு மாதம் விடுவதில்லை. தவிர, அந்த வயதில் ராத்திரி ஏணிப்படி இறங்கி யார் வருவது?

சாமான் ஏற்றும் நாள்

வாடகை வண்டி என்றால் எனக்குத் தெரிந்த சுலபமான வழி, வீட்டுக்கே கொண்டுவராமல் இருப்பது. சாமானைக் காரில் ஏற்றி வாடகை இடத்துக்கே கொண்டுபோய், அங்கேயே மாற்றி, அங்கிருந்தே கிளம்புங்கள். பல இடங்களில் உங்கள் காரை அங்கே விட்டுப்போக விடுவார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலில்தான் ஏற்ற வேண்டும் என்றால் பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஏற்றுங்கள். நீள வண்டிக்கு இடம் பார்ப்பது காருக்குப் பார்ப்பது மாதிரி இல்லை. தீயணைப்புக் குழாய்க்கு 15 அடி விட வேண்டும். தெருமுனைக் கிராஸ்வாக்குக்கு, நீங்கள் வரும் பக்கத்தில், 20 அடி விட வேண்டும். இது 2025இலிருந்து டிக்கெட் போடும் விதி, கோடு போட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. சக்கரம் கர்பிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இவ்வளவும் கழித்தால் 28 அடி வண்டிக்கு ஒரு பிளாக்கில் ஒன்றோ இரண்டோ இடம்தான் மிஞ்சும். அதை முந்தின நாளே காரை வைத்துப் பிடித்து வைக்கலாம். ஆரஞ்சு கோன் வைத்துப் பிடிக்கக் கூடாது.

தெருவில் நிற்கும்போது ஸ்லைட் அவுட்டை (பக்கவாட்டில் வெளியே நீளும் பகுதியை) திறக்காதீர்கள். ஃபிரிட்ஜ் குளிர வேண்டும் என்று வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை நடைபாதை குறுக்கே இழுக்காதீர்கள், யாராவது தடுக்கி விழுந்தால் பொறுப்பு உங்களுடையது. புரொபேனில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் முந்தின ராத்திரியே அதில் ஓட விடலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தெரு வடிகாலில் திறந்துவிடவே கூடாது. அது சுத்திகரிப்பு நிலையம் எதற்கும் போகாமல் நேராக விரிகுடாவில் கலக்கிறது, அபராதமும் பெரியது.

வழியில் தூக்கம் வந்தால்

நெடுஞ்சாலையோர ரெஸ்ட் ஏரியாவில் 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் வரை நிற்கலாம். வண்டிக்குள் தூங்கலாம். வெளியே நாற்காலி போட்டு அடுப்பு பற்ற வைத்தால் அது கேம்பிங், அதற்கு அனுமதி இல்லை. வால்மார்ட்டில் இலவசமாகத் தங்கலாம் என்பது பழைய கதை, கலிஃபோர்னியாவில் பல கிளைகளில் ஊர்ச் சட்டமே தடுக்கிறது. கடைக்குப் போன் செய்து மேனேஜரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். யோசெமிட்டிக்குள் முன்பதிவு செய்த கேம்ப்சைட் தவிர வேறெங்கும் வண்டியில் தூங்க முடியாது. பார்க்கிங் லாட்டில் திரைச்சீலையை மூடிவிட்டால் ரேஞ்சருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

டிக்கெட் வந்தே விட்டால்

வாடகை வண்டியானால் டிக்கெட் நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் பிடிப்பார்கள். அதனால் கண்ணாடியில் ஒட்டியதைப் பார்த்தவுடன் நீங்களே கட்டுவதோ எதிர்ப்பதோ லாபம்.

எதிர்ப்பதற்கு மூன்று படி. டிக்கெட் தேதியிலிருந்து 21 நாட்களுக்குள் முதல் மறுபரிசீலனை கேட்கலாம், செலவில்லை. பலகை மறைந்திருந்த போட்டோ, வண்டியின் அளவு, சிட்டி அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் இங்கேதான் வேலை செய்யும். நிராகரித்தால், அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் விசாரணை கேட்கலாம். அதற்கு அபராதத் தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும், கட்ட வசதியில்லை என்று காட்டினால் விலக்கு உண்டு. அதிலும் தோற்றால் 30 நாட்களுக்குள் சுப்பீரியர் கோர்ட். அதுவரை போனவர்களை நான் பார்த்ததில்லை, முதல் படியிலேயே நல்ல ஆதாரம் தந்தால் தீர்ந்துவிடும்.

வண்டியையே டோ செய்திருந்தால் முதலில் போய் எடுத்துவிடுங்கள், சண்டை அப்புறம். நோட்டீஸ் தேதியிலிருந்து 10 நாட்களுக்குள் விசாரணை கேட்டால், விடுமுறை நாள் தவிர 48 மணி நேரத்தில் நடத்த வேண்டும். டோ செய்தது தவறு என்று முடிவானால் அந்தச் செலவு உங்களுடையது அல்ல.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு

சரி, வாடகைக் கணக்கு கட்டுப்படியாகவில்லை, ட்ரெய்லர் வாங்கத்தான் போகிறீர்கள். டீலரிடம் போகும் முன் ஸ்டோரேஜ் லாட்டுக்குப் போங்கள். பே ஏரியாவுக்குள் காத்திருப்போர் பட்டியல் நீளம். கில்ராய், லிவர்மோர், ட்ரேசி பக்கம் போனால் இடமும் கிடைக்கும், வாடகையும் இறங்கும். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முதலில் அங்கே வரை ஓட்டத் தயாராக இருக்க வேண்டும். கேட் எத்தனை மணிக்குத் திறக்கிறது, ஞாயிறு ராத்திரி திரும்பி வந்தால் உள்ளே விடுவார்களா, டம்ப் ஸ்டேஷன் (கழிவுநீரைக் கொட்டும் இடம்) உண்டா என்று கேளுங்கள். வண்டியின் ரெஜிஸ்ட்ரேஷனும் காப்பீடும் உங்கள் பெயரில் நடப்பில் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள்.

ஒரு வருஷம் எடுக்கப் போவதில்லை, பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று டி.எம்.வி.யில் (மாநில வாகனப் பதிவுத் துறையில்) பி.என்.ஓ. போடுபவர்கள் உண்டு. இயக்காத வண்டி என்று பதிவு செய்வது அது. போட்டுவிட்டால் அந்த வண்டி பொதுத் தெருவில் ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது, இழுத்துப் போகவும் கூடாது. லாட்டை மாற்ற வேண்டியிருந்தால் முதலில் டி.எம்.வி.யில் ஒரு நாள் நகர்வு அனுமதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு காரில் மாட்டுங்கள்.